இருள் வேறு, கனம் வேறு

1

2013 ஜூனில் சிகுர் ரோஸ் தங்களுடைய ஏழாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘க்வெய்குர்’ஐ வெளியிட்டார்கள். ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு விளக்குத் திரி என்று பொருள். முதல் பாட்டின் பெயர் ‘ப்ரென்னிஸ்டெய்ன்’, அதாவது கந்தகம். எடுத்த எடுப்பிலேயே ஏதோ மின்கசிவு ஏற்பட்டதுபோல ஒரு கரகரப்பு. அடுத்து பாஸ் கிட்டார் கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல உறுமுகிறது, டிரம்ஸ் இரும்புத் தகட்டில் விழுகிற மாதிரி விழுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இவர்கள் ‘வால்தாரி’ என்று ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். அதில் டிரம்ஸ் இருக்கிறதா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஓராண்டு இடைவெளியில் இப்படி ஒரு தாவல்.

உடனே இரண்டு கட்சிகள் உருவாயின. முதல் கட்சி அழுதது: “போச்சு, இவங்களும் சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பழைய அமைதி போயிடுச்சு.” இரண்டாம் கட்சி கைதட்டியது: “இப்பதான் பசங்க வளர்ந்திருக்காங்க. இவ்வளவு நாள் தேவதைக் கதை, இனிமேதான் நிஜம்.” பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் இந்த இசைக்குழுவைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டு வசனத்தில் ஒன்று வந்துவிடுகிறது. இவர்கள் என்றில்லை, மென்மையான, மிதக்கிற ராக் இசை வாசித்த எந்தக் குழு கொஞ்சம் கனமாக வாசித்தாலும் இதே வசனங்கள்தான்.

இரண்டு கட்சியும் ஒரே தவறைச் செய்கின்றன என்பது என் வாதம். இருவரும் இருட்டையும் கனத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். சத்தம் கூடினால் மனம் இருண்டுவிட்டது, சத்தம் குறைந்தால் மனம் வெளுத்துவிட்டது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் அழுதால் என்ன, கைதட்டினால் என்ன? இரண்டு பேருமே இந்தக் குழுவின் முதல் பதினைந்து ஆண்டுகளைக் கேட்கவில்லை. போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறார்கள்.

2

முதலில் என்ன மாறியது என்பதைப் பார்த்துவிடுவோம். மாறியது ஒலிதான், அதற்குக் காரணமும் உண்டு. 2013இன் தொடக்கத்தில் கியார்த்தன் ஸ்வெய்ன்ஸன் குழுவைவிட்டு விலகிவிட்ட செய்தி வந்தது. 1998இல் சேர்ந்தவர். கீபோர்டு அவருடையது, தந்தி வாத்தியங்களுக்கான ஒழுங்கமைப்பும் பெரும்பாலும் அவருடைய பொறுப்பு. குழுவில் முறையாக இசை படித்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். யோன்சியின் குரலுக்குக் கீழே மெத்தை விரித்தவர் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தையை எடுத்துவிட்டால் தரை தெரியும். ‘க்வெய்குர்’இல் நாம் கேட்பது அந்தத் தரையைத்தான். இதுவரை பின்னால் நின்ற கேயோர்க் ஹோல்மின் பாஸ் முன்னால் வந்து நிற்கிறது. ஓரியின் டிரம்ஸ் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதை நிறுத்திக்கொள்கிறது. மூன்று பேர் நான்கு பேரின் இடத்தை நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு அவர்களிடம் இருந்த பொருள் டிஸ்டார்ஷனும் தாளமும். நாற்காலி ஒன்று காலியானதும் மேசையைச் சுற்றி எல்லோரும் நகர்ந்து உட்கார்வதுபோன்ற மாற்றம் இது. இதைப் போய் “ஆன்மாவின் இருண்ட இரவு” என்று எழுதுவதற்குக் கொஞ்சம் அதிகப்படியான கற்பனை வேண்டும்.

இன்னொன்று. இந்த ஆல்பத்தை இருள் என்று சொல்கிறவர்கள் அதை முழுதாகக் கேட்டார்களா? ‘இஸ்யாகி’யில் துள்ளி வருகிற பல்லவி, ‘ஸ்டோர்மூர்’, ‘ராப்ஸ்ட்ராமூர்’ இரண்டிலும் குரல் மேலே மேலே ஏறுகிற விதம் - இவையெல்லாம் இந்தக் குழு எழுதியதிலேயே நேரடியான பாப் பாடல்களைச் சேர்ந்தவை. பாட்டுகளின் நீளம் குறைந்திருக்கிறது. சரணம், பல்லவி என்று ஒழுங்கான கட்டுமானம் வந்திருக்கிறது. ‘வால்தாரி’யில் ஒரு பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம், இதில் முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போகலாம். கடைசிப் பாட்டான ‘வர்’ ஒரு சின்னப் பியானோ இசைத்துண்டு. ஆக, கனம் கூடிய அதே இடத்தில் வெளிச்சமும் கூடியிருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் முதல் பாட்டையும் தலைப்புப் பாட்டையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

3

சரி, இருட்டு எங்கே இருந்தது? தொடக்கத்திலேயே இருந்தது.

1997இல் வந்த முதல் ஆல்பம் ‘வோன்’. முதல் துண்டுக்குக் குழுவின் பெயரையேதான் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு அருகில் நீளும் அதில் பாட்டென்று ஏதுமில்லை. ஆழத்திலிருந்து வருகிற இரைச்சல், தூரத்தில் யாரோ அலறுவதுபோன்ற குரல்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் தியானம் செய்ய முடியாது.

1999இல் வந்த ‘ஆகைடிஸ் பிர்யூன்’ தான் உலகத்துக்கு இவர்களைக் காட்டியது. அதில் பியானோவும் தந்திகளும் சேர்ந்து நெஞ்சை உருக்குகிற ஒரு நீண்ட பாடல் உண்டு. கல்யாண வீடியோவுக்குக்கூடப் போட்டுவிடலாம், அவ்வளவு இதம். அதன் தலைப்புக்குப் பொருள் ‘வான்தாக்குதலுக்கு ஏற்ற வானிலை’. அந்த ஆண்டில்தான் நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியாமேல் குண்டு போட்டன. குண்டு போடத் தோதான நல்ல வெயில் என்ற பெயரை, தங்கள் ஆல்பத்தின் மிக அழகான மெட்டின்மீது ஒட்டியிருக்கிறார்கள். இது வெகுளித்தனமா?

2002இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்குப் பெயரே இல்லை. அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள், அவ்வளவுதான். பாட்டுகளுக்கும் தலைப்பு கிடையாது, உள்ளே இருக்கும் புத்தகத்தில் பக்கங்கள் காலி. பாடப்பட்டிருப்பது எந்த மொழியும் இல்லாத, பொருளற்ற ஒலிகள். அரை நிமிட மௌனம் ஆல்பத்தை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் பாதி ஓரளவு வெளிச்சம், இரண்டாம் பாதி படிப்படியாக இருட்டு. பின்னாட்களில் ‘வாகா’ என்ற பெயரால் அறியப்பட்ட முதல் பாட்டுக்கு ஃப்ளோரியா சிகிஸ்மாண்டி எடுத்த வீடியோவைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது, குழந்தைகள் விளையாடப் போகிறார்கள். போகும்முன் ஒவ்வொருவரும் வாயுக் கவசம் அணிகிறார்கள். வெளியே வானம் சிவந்திருக்கிறது, பனிக்குப் பதில் கருப்புச் சாம்பல் பெய்கிறது. அந்தச் சாம்பலை உருட்டி ஒருவர்மீது ஒருவர் எறிந்து விளையாடுகிறார்கள். எம்டிவி ஐரோப்பா 2003இல் சிறந்த வீடியோ விருதை இதற்குத்தான் கொடுத்தது. பின்னணியில் ஓடுகிற இசையோ தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகிறது. சத்தமே இல்லாமல் இவ்வளவு இருட்டு.

கனம் வேண்டுமென்றால் அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இருக்கிறது. ‘பாப்லாகித்’ என்று அழைப்பார்கள், ‘பாப் பாட்டு’ என்று பொருள். பெயரே ஒரு கிண்டல். பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசி நாலைந்து நிமிடங்களில் டிரம்ஸ் வெறிபிடித்து ஓடுகிறது. கச்சேரிகளை இதைக்கொண்டுதான் முடிப்பார்கள். ‘க்வெய்குர்’இல் இதைவிட மூர்க்கமான இடம் ஒன்றுகூடக் கிடையாது. 2002இல் இதை மேடையில் வாசித்தவர்கள் 2013இல் “கனமாக மாறினார்கள்” என்றால் என்ன அர்த்தம்?

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், அந்தத் “தேவலோக ஒலி” எப்படி உண்டாகிறது என்ற கேள்வி வரும். யோன்சி எலெக்ட்ரிக் கிட்டாரை செல்லோ வில்லால் இழைக்கிறார். செல்லோவின் பாலம் நன்றாக வளைந்தது, வில் ஒரு தந்தியைத் தனியாகத் தொட முடியும். கிட்டாரின் பாலம் ஏறக்குறையத் தட்டை. வில் பல தந்திகளை ஒன்றாக உரசும். அந்த உரசலை டிஸ்டார்ஷனில் அனுப்பி, அதற்குமேல் ஒரு தேவாலயம் அளவுக்கு எதிரொலி சேர்த்தால் கிடைப்பதுதான் நாம் பனிமூட்டம் என்று கொண்டாடிய ஒலி. அதாவது அதுவும் இரைச்சல்தான். எதிரொலியைப் போர்த்தியிருந்த இரைச்சல். ‘க்வெய்குர்’ போர்வையைக் கொஞ்சம் விலக்கியது.

4

இவ்வளவும் கண்ணெதிரே இருந்தும் இவர்கள் எப்படி “அமைதி”யின் அடையாளமானார்கள்?

விளம்பரமும் தொலைக்காட்சியும் செய்த வேலை இது. 2005ஆம் ஆண்டின் ‘தாக்’ ஆல்பத்தில் வந்த ‘ஹொப்பிபொல்லா’வை பிபிசி ‘பிளானட் எர்த்’ தொடரின் முன்னோட்டத்துக்குப் பயன்படுத்தியது. குட்டையில் குதித்தல் என்று பொருள்படும் அந்தப் பாட்டு அதன்பிறகு மலை, அருவி, திமிங்கிலம், பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் பின்னணியானது. பாட்டு கிடைக்காத விளம்பரக்காரர்கள் அதேபோல ஒன்றைச் செய்துகொண்டார்கள். தங்கள் இசையை நகலெடுத்ததுபோல ஒலிக்கும் விளம்பரங்களைக் குழுவே தன் இணையதளத்தில் தொகுத்துக் காட்டிய கூத்தும் நடந்தது. ஒரு ஒலி சூத்திரமாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைச் சமைக்கலாம். மெதுவாக ஒரு பியானோ, உச்சஸ்தாயியில் ஒரு குரல், போகப் போகப் பெருகுகிற தந்திகள், கடைசியில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்.

இரண்டாவது, ஐஸ்லாந்து என்ற சுற்றுலாப் படம். இவர்களைப் பற்றி எழுதினால் பனிப்பாறையும் குட்டிச்சாத்தான்களும் வந்தே தீர வேண்டும். சென்னைக்காரன் எது பாடினாலும் கடல்காற்றும் ஃபில்டர் காப்பியும் என்று எழுதுவதைப் போன்றது இது. அந்த நாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பனியைவிட நெருப்புதான் தெரிகிறது. ரெய்க்யவிக்கில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் கந்தக வாடை வரும். 1783இல் தொடங்கிய லாக்கி எரிமலை வெடிப்பும் தொடர்ந்து வந்த பஞ்சமும் அந்த நாட்டு மக்களில் சுமார் ஐந்தில் ஒருவரைக் கொன்றன. 2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரு வாரத்துக்குள் மொத்தமாகச் சரிந்தன. 2010இல் ஒரு எரிமலையின் சாம்பல் ஐரோப்பாவின் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் பாட்டுக்குக் கந்தகம் என்றும், எரிமலைக் கண்ணாடிக் கல்லான ‘ஹ்ராப்ன்டின்னா’ என்றும் பெயர் வைத்தால் அதில் என்ன அதிர்ச்சி? வீட்டு வாசலில் கிடப்பதைத்தானே எடுத்தார்கள்!

‘ஹெய்மா’ ஆவணப்படத்தை எல்லோரும் அழகான நிலக்காட்சிகளுக்காகப் பார்க்கிறார்கள். 2006 கோடையில் சொந்த நாட்டில் ஊர் ஊராகப் போய் இலவசமாக வாசித்த பயணம் அது. அதில் ஒரு நிறுத்தம், காரஹ்ன்யூகர் அணையை எதிர்த்தவர்களின் முகாம். அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய உருக்காலைக்கு 690 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கக் கட்டப்பட்ட அணை. அங்கே ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், மின்சாரமே இல்லாமல் ‘வாகா’வை வாசித்தார்கள். அதே செப்டம்பரில் நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கினார்கள். சில வாரங்களில் தண்ணீருக்கடியில் போகவிருந்த நிலத்துக்கு முன்னால் நின்று வாசித்த பாட்டு அது. படம் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? “செம ரிலாக்சிங்கா இருக்கு.”

மூன்றாவது குற்றவாளி நாம்தான், குறிப்பாக என் தொழிலில் இருக்கிறவர்கள். ஐடி அலுவலகத்தின் திறந்த கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரின் குரல் கேட்காமல் இருப்பதற்காக இந்த இசையைப் போட்டுக்கொள்கிற ஒரு தலைமுறை உருவானது. மொழி புரியாது, அதனால் தொந்தரவு இல்லை. டிரம்ஸ் குறைவு, அதனால் கவனம் சிதறாது. இசையைச் சுவராகப் பயன்படுத்தினோம். பயன்படுத்தட்டும், அதில் பாவமில்லை. ஆனால் சுவர் ஒருநாள் திரும்பிப் பேசினால் “நீ மாறிட்ட” என்று அதனிடம் சண்டைக்குப் போவது என்ன நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் இயந்திரத்துக்கு நம்மைவிட விவரம் அதிகம். ஸ்பாட்டிஃபை மென்பொருளாளர்களுக்குத் தந்த தரவுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை சில எண்கள் இருக்கும். வேகமும் உரப்பும் சேர்ந்த ஆற்றலுக்கு ஓர் எண், பாட்டு மகிழ்ச்சியாக ஒலிக்கிறதா சோகமாக ஒலிக்கிறதா என்பதற்குத் தனியாக இன்னொரு எண். ஒரு பாட்டின் உணர்ச்சியை எண்ணாக்குவதே அபத்தம் என்பது வேறு விஷயம். அந்த அபத்தத்தைச் செய்தவர்களுக்குக்கூட இவை இரண்டும் வேறு வேறு அச்சுகள் என்று தெரிந்திருந்தது. ரசிகர்களுக்குத்தான் தெரியவில்லை.

5

இந்தப் புகார் இசையைப் பற்றியதே இல்லை என்று நான் சந்தேகிப்பதற்கு இன்னொரு காரணம், எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும் இதே அடி விழுகிறது.

லிவர்பூலின் அனத்தீமா 90களின் தொடக்கத்தில் உறுமல் குரலோடு மெதுவான, பாரமான டூம் மெட்டல் வாசித்த குழு. ஆண்டுக்கு ஆண்டு கனத்தைக் கழற்றிக்கொண்டே வந்து, 2012இன் ‘வெதர் சிஸ்டம்ஸ்’இல் முழுக்க மிதக்கிற இசைக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய ரசிகர்கள் துரோகி என்றார்கள். பிரான்சின் அல்செஸ்ட் கதை இன்னும் சுவாரசியம். பிளாக் மெட்டலிலிருந்து வந்த நேஜ், ‘ஷெல்டர்’ ஆல்பத்தில் மெட்டலை முற்றிலும் விட்டார். அதைப் பதிவுசெய்ய அவர் தேர்ந்தெடுத்த இடம் ஐஸ்லாந்தின் சுன்ட்லாகின். ஒரு பழைய நீச்சல் குளத்தை மாற்றி சிகுர் ரோஸ் உருவாக்கிக்கொண்ட அதே ஸ்டுடியோ. சிகுர் ரோஸோடு வாசித்துவந்த அமீனா குழுவின் தந்திகளும் அந்த ஆல்பத்தில் உண்டு. சிகுர் ரோஸ் ‘க்வெய்குர்’ வெளியிட்ட அதே 2013இல் இந்தப் பதிவு நடந்தது, ஆல்பம் 2014 ஜனவரியில் வந்தது. யோசித்துப் பாருங்கள்: வீட்டுக்காரர்கள் போர்வையை விலக்கிய ஆண்டில் வெளியூர்க்காரர் அவர்கள் வீட்டுக்கே வந்து போர்வை கேட்கிறார். இவர் மென்மையானதற்குத் திட்டு வாங்கினார், அவர்கள் கனமானதற்கு. 2016இல் ‘கொடாமா’வில் அலறலும் கனமும் திரும்பியபோது “அப்பாடா, திரும்பிட்டான்” என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஆக, கனம் பிடித்தவர்களுக்குக் கனம் குறையக் கூடாது, மென்மை பிடித்தவர்களுக்கு மென்மை குறையக் கூடாது. கலைஞர் எங்கே இருந்தாரோ அங்கேயே இருக்க வேண்டும். இதற்கு ரசனை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கடையில் சாம்பார் போன வாரம் மாதிரி இல்லை என்று சொல்கிற வாடிக்கையாளர் உரிமை இது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “எனக்கு ‘க்வெய்குர்’ பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட உரிமை இல்லையா?” தாராளமாக உண்டு. அதில் எனக்கே குறைகள் தெரிகின்றன. எல்லா வாத்தியமும் ஒரே உரப்பில் முட்டிக்கொண்டு நிற்பதால் நடுவில் சில பாட்டுகள் ஒன்றுபோல ஒலிக்கின்றன. பழைய ஆல்பங்களில் மௌனம் செய்த வேலையை இங்கே செய்ய ஆளில்லை. இப்படிச் சொன்னால் அது விமர்சனம், வாதிடலாம். “இருண்டுவிட்டார்கள்” என்பது விமர்சனம் ஆகாது. அது சொல்பவரின் காது முன்பு எங்கே இருந்தது என்பதற்கான வாக்குமூலம்.

6

தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு புதிதாக இருக்கக் கூடாது. பறை சாவுக்கும் அடிக்கப்படுகிறது, திருவிழாவுக்கும் அடிக்கப்படுகிறது. சாவு ஊர்வலத்தில் தெரு அதிர அடிக்கும்போது ஆடுகிறவர்களைப் பார்த்தவர் யாரும் சத்தம் என்றால் சோகம் என்று சொல்ல மாட்டார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று நாட்டார் வழக்காற்றியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இழுத்து இழுத்து மெல்லப் பாடுகிற குரலில்தான் நம்மூரில் பெரிய துக்கங்கள் வந்திருக்கின்றன. சினிமாப் பாட்டுக்கு வந்த பிறகு இதை மறந்துவிட்டோம். மெதுவான பாட்டுக்கு “மெலடி” என்றும், தாளம் கூடினால் “குத்து” என்றும் இரண்டு டப்பாக்கள் செய்து வைத்துக்கொண்டோம். குத்துப் பாட்டில் மெட்டே இல்லை என்பதுபோல! சிகுர் ரோஸைக் கேட்கப் போனபோதும் அந்த இரண்டு டப்பாக்களைத்தான் கையில் எடுத்துப் போனோம்.

என் வாதத்துக்கு முத்திரை வைத்தது அவர்களேதான். ‘க்வெய்குர்’க்குப் பிறகு பத்து ஆண்டுகள் ஸ்டுடியோ ஆல்பம் வரவில்லை. 2018இல் ஓரி விலகினார். 2022இல் கியார்த்தன் திரும்பி வந்தார். 2023 ஜூனில் ‘ஆட்டா’ வெளியானது. எட்டு என்று பொருள், அவர்களுடைய எட்டாவது ஆல்பம். லண்டன் கன்டெம்பரரி ஆர்க்கெஸ்ட்ராவின் தந்திகள் ஆல்பம் முழுவதும் பரவியிருக்கின்றன. டிரம்ஸ் ஏறக்குறைய இல்லை. முதல் கட்சி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது: கியார்த்தன், தந்திகள், மிதப்பு, மென்மை.

அட்டையைப் பாருங்கள். ஐஸ்லாந்துக் கலைஞர் ரூரியின் படைப்பு, தீப்பிடித்து எரிகிற ஒரு வானவில். உள்ளே இருக்கிற இசையும் அப்படித்தான். ஓர் உரத்த அடிகூட இல்லாமல், எதையோ மொத்தமாக இழந்துவிட்டவர்கள் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கிறது. பத்துத் தடவை கேட்டிருப்பேன். ‘ப்ரென்னிஸ்டெய்ன்’ கேட்டால் எனக்குக் கை கால் பரபரக்கும், எழுந்து நடக்கத் தோன்றும். ‘ஆட்டா’ கேட்டால் பேச்சு வராது. இரண்டில் எது இருட்டு?

இவ்வளவுக்குப் பிறகும் “பழைய அமைதிக்குத் திரும்பிட்டாங்க” என்று அதைத் தூங்குவதற்கான பட்டியலில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஓர் இரவு மடிக்கணினியை மூடிவிட்டு, அடைப்புக்குறி ஆல்பத்தின் இரண்டாம் பாதி, ‘க்வெய்குர்’, ‘ஆட்டா’ மூன்றையும் இந்த வரிசையில் கேளுங்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள். அதற்குப் பிறகும் இவர்கள் 2013இல்தான் இருண்டார்கள் என்று தோன்றினால் வாருங்கள், பேசுவோம்.